போலீஸ் விளக்கின் முன்னே பாதிரிமார்

1965 ஆம் ஆண்டின் முதல் நாள் இரவு. அமெரிக்க நாட்டின் சான்பிரான்சிஸ்கோ நகரம். போல்க் தெருவிலே கலிபோர்னியா மண்டபம் என்றொரு கட்டடம். அதன் வாயிலில் பெருவிளக்குகளை நிறுத்தி, இரவைப் பகலாக்கி வைத்திருக்கிறது போலீஸ். உள்ளே என்ன நடக்கிறது? கள்ள நோட்டு அச்சாகிறதா? கொலைகாரன் பதுங்கியிருக்கிறானா? அரசைக் கவிழ்க்கச் சதியா? ஒன்றுமில்லை, தோழர்களே! புத்தாண்டு நடனம்! சீட்டு விற்று நிதி திரட்டும் நடன விருந்து! அதற்கு வருகிற ஒவ்வொருவரையும், வாயிற்படி ஏறுவதற்குள், முகத்துக்கு நேரே கருவியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் காவலர்கள்.

படம்தானே எடுத்தார்கள், பல்லைக் காட்டிவிட்டு உள்ளே போகவேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். வந்தவர்களில் பெரும்பாலோர், தன்பாலீர்ப்பாளர் என்று இன்று நாம் வழங்கும் மக்கள். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண். அந்தப் படம் காலையில் முதலாளியின் மேசைக்குப் போனால் மாலையில் வேலை போகும். வீட்டுக்காரன் கைக்குப் போனால் மூட்டை முடிச்சு தெருவுக்கு வரும். தட்டிக் கேட்கச் சட்டம் இல்லை. சட்டமே அவர்களைத் தட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1953 இல் ஜனாதிபதி ஐசனோவர் கையெழுத்திட்ட 10450 ஆம் எண் ஆணை, இத்தகையோரை மத்திய அரசு வேலையிலிருந்து விலக்க வழி செய்திருந்தது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் வானியலில் டாக்டர் பட்டம் பெற்ற பிராங்க் காமெனி, இராணுவ நிலப்படத் துறையில் அமர்ந்த வேலையை அந்த ஒரே காரணத்துக்காகப் பறிகொடுத்தார். வானத்து மீனை எண்ணத் தெரிந்தவருக்கு வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாமல் செய்தது வல்லரசு!

அந்தக் காலத்தில், அந்த வாயிலில், அந்த விளக்கின் முன்னே, கழுத்துப் பட்டை அணிந்த பாதிரிமார் சிலரும் வந்து நின்றார்கள். தனியாக அல்ல, துணைவியரோடு வந்தார்கள். விருந்தை நடத்தியவர்களில் அவர்களும் அடக்கம். ‘சமயமும் ஒருபாலீர்ப்பாளரும்’ பற்றிய மன்றம் ஒன்றை முந்தைய ஆண்டின் இறுதியில்தான் அவர்கள் அமைத்திருந்தார்கள். அதற்கு நிதி திரட்டவே அந்த நடனம். வாயிலில் போலீசாரை மறித்து, ‘உத்தரவு எங்கே, காட்டுங்கள்’ என்று கேட்ட வழக்கறிஞர்கள் கைது செய்யப்பட்டார்கள். சீட்டு வாங்கிக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்மணிக்கும் அதே கதி.

மறுநாள் பாதிரிமார் என்ன செய்தார்கள்? பிரார்த்தனை செய்துவிட்டுப் படுத்துவிட்டார்களா? இல்லை. பத்திரிகையாளரை அழைத்தார்கள். பட்டை அணிந்த கோலத்தோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். போலீஸ் எங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறியது, விருந்தினரை வேண்டுமென்றே அச்சுறுத்தியது என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்கள். நகரம் திடுக்கிட்டது. வழக்கு நீதிமன்றம் ஏறியபோது, எதிர்த் தரப்பு தன் வாதத்தைத் தொடங்கும் முன்னரே, குற்றமில்லை என்று தீர்ப்புச் சொல்லுமாறு ஜூரிகளுக்கு உத்தரவிட்டார் நீதிபதி. அன்று கைதான வழக்கறிஞர்களில் ஒருவரான எர்ப் டொனால்டுசன், பின்னாளில் அதே நகரத்தில் நீதிபதி ஆசனத்திலேயே அமர்ந்தார்.

ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்த நகரத்துத் தன்பாலீர்ப்பாளர்கள் ஆண்டாண்டு காலமாகப் பட்டுவந்த அடி அது. அவர்கள் சொன்னபோது நம்ப ஆள் இல்லை. பாதிரியார் தம் கண்ணால் கண்டு சொன்ன பிறகுதான் பத்திரிகைக்குக் காது திறந்தது. அடிபட்டவன் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. பக்கத்தில் நின்ற பட்டைக்கு மதிப்பு! இதில் பெருமைப்படவும் இடமிருக்கிறது, வெட்கப்படவும் இடமிருக்கிறது. அந்தப் பாதிரிமாரில் சிலர் வெட்கத்தையே அதிகம் உணர்ந்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

அவர்கள் எப்படி இந்த வழிக்கு வந்தார்கள்? புத்தகத்தைப் புரட்டி வரவில்லை, தெருவைப் பார்த்து வந்தார்கள். கிளைடு நினைவு மெதடிஸ்டு ஆலயம் நின்ற வட்டாரம், வீட்டை விட்டு விரட்டப்பட்ட இளைஞர்கள் வந்து சேரும் வட்டாரம். இளைஞர் பணிக்கென்று அங்கே வந்த டெட் மெக்கில்வென்னா என்ற போதகர், இந்தப் பிள்ளைகள் ஏன் தெருவில் நிற்கிறார்கள் என்று கேட்டார். கேட்கக் கேட்க விடை ஒன்றாகவே வந்தது. உடனே அவர் சொற்பொழிவு எழுத உட்காரவில்லை. 1964 இல் நகரத்துக்கு வெளியே மில்வேலி என்ற இடத்தில், போதகர்களையும் தன்பாலீர்ப்பாளர் இயக்கத்தாரையும் ஒரே கூரையின்கீழ் தங்கவைத்துப் பேச வைத்தார். பெண்களுக்கென்று 1955 இல் சங்கம் கண்ட டெல் மார்ட்டின், பில்லிஸ் லயன் இருவரும் இந்த முயற்சியில் பங்கு கொண்டார்கள். போதகர்களில் பலருக்கு, ‘இன்னார்’ என்று தெரிந்தே இத்தகையவரோடு உட்கார்ந்து சாப்பிட்டது அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும். ஆராய்ச்சி செய்யாததைச் சாப்பாடு செய்தது!

இங்கே என்னைப் பற்றி இரண்டு வரி. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு மேடைக்கு வந்தவன் நான். எபிரேயமும் அறியேன், கிரேக்கமும் அறியேன். கடவுளைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அது வாசகருக்குத் தெரியாததும் அல்ல. ஆகவே எந்த வசனத்துக்கு எது சரியான பொருள் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு நூலையே இரண்டு கையும் பிடித்து இழுக்கிறபோது, எந்தக் கை அடிக்கிறது, எந்தக் கை அணைக்கிறது என்று பார்க்கப் படிப்பு வேண்டாம். கண் இருந்தால் போதும்.

அடிக்கும் கை எடுத்துக் காட்டுவது லேவியராகமத்தையும், சோதோம் நகரம் எரிந்த கதையையும், பவுல் எழுதிய சில வரிகளையும். அணைக்கும் கை என்ன சொல்கிறது? சோதோமின் பாவம் எது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசியே கூறியிருக்கிறாரே, செருக்கோடு வயிறு புடைக்கத் தின்று ஏழையைக் கைவிட்டதுதானே அது என்று கேட்கிறது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் தாண்டிப் போக, தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட சமாரியன் தூக்கி எடுத்தானே, அந்தக் கதையை ஏசு யாருக்குச் சொன்னார் என்று கேட்கிறது. வேதத்தில் வரியைக் காட்டி அடிமை வாணிபத்தையும் ஞாயப்படுத்தினோமே என்று தலை குனிகிறது. குனிய வேண்டியதுதான். அடிமைகளை வைத்திருப்போரைப் போதகராக அனுப்பலாமா என்ற தகராறில் 1845 இல் பிரிந்து போனதுதான் தென்னாட்டு பாப்டிஸ்டு சபை. அதற்கு அந்தச் சபை மன்னிப்புக் கேட்டது 1995 இல். நூற்றைம்பது ஆண்டுகள்!

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. சட்டம் நிறைவேறியதில் அதன் பங்குதான் பெரிது என்பது என் எண்ணம். ‘இது பாவம் என்றே நாங்கள் நம்புகிறோம், அதில் மாற்றமில்லை, ஆனால் பாவி என்பதற்காக ஒருவன் வேலையைப் பறிக்கவும் வீட்டைப் பூட்டவும் யாருக்கு உரிமை? பொய் சொல்பவனுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கிறதே! பேராசைக்காரன் முதலாளியாகவே இருக்கிறானே!’ என்று கேட்ட கூட்டம் அது. 1972 இல் அட்லாண்டாவில் கூடிய ஐக்கிய மெதடிஸ்டு மாநாடு இதற்கு நல்ல சாட்சி. ஒருபாலீர்ப்பாளர்களும் புனித மதிப்புடைய மனிதர்களே, அவர்களுடைய மனித உரிமையும் குடியுரிமையும் காக்கப்பட வேண்டும் என்று எழுதியது அந்த மாநாடு. எழுதிய கை உலருமுன், அந்தச் செயல் கிறிஸ்தவப் போதனைக்குப் பொருந்தாதது என்று மன்றத்தில் திருத்தம் வந்து, அதுவும் சேர்ந்தது. ஒரே பத்தியில் இனிப்பும் கசப்பும்! சிரிப்பாக இருக்கிறதா? சிரிக்காதீர்கள். அந்தப் பத்தியின் முற்பாதியைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ மெதடிஸ்டுகள் நகரமன்றங்களில் சாட்சி சொல்லப் போனார்கள். பிற்பாதி எத்தனை போதகர்களின் அங்கியைக் கழற்றியது என்பது வேறு கணக்கு.

சபைகளின் தீர்மானங்களை வரிசையாக அடுக்கிச் சலிப்பூட்ட மாட்டேன். இரண்டு மூன்றைச் சொல்லி நகர்கிறேன். நியூயார்க்கில் ஸ்டோன்வால் என்ற மதுக்கடையில் கலகம் வெடித்தது 1969 ஜூன் இறுதியில். உலகம் அதையே தொடக்கம் என்று சொல்லும். அதற்கு இரண்டு மாதங்களுக்கு மேல் முன்னதாக, அதே ஆண்டு ஏப்ரலில், ஐக்கிய கிறிஸ்து சபையின் சமூகப் பணிக் குழு, அந்தரங்கத்தைக் குற்றமாக்கும் சட்டங்களும் வேண்டாம், பொது வேலைகளிலிருந்து இவர்களை அடியோடு விலக்குவதும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டது. கல் எறிவதற்கு முன்பே காகிதம் பேசியது என்று வைத்துக்கொள்ளலாம். 1976 இல் மின்னியாபொலிசில் கூடிய எபிஸ்கோப்பல் திருச்சபையின் பேரவை, மற்றக் குடிமக்களுக்குள்ள சம சட்டப் பாதுகாப்பு இவர்களுக்கும் உரியது, ஏட்டில் மட்டுமல்ல நடப்பிலும் அது கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சமுதாயத்தைக் கேட்டுக்கொண்டது.

காகிதம் போகட்டும். நெருப்பைப் பற்றிச் சொல்கிறேன். டிராய் பெர்ரி என்ற பெந்தகோஸ்தே போதகர், தன் இயல்பு வெளிப்பட்டதால் சபையை இழந்தவர். 1968 அக்டோபரில், கலிபோர்னியாவில் தம் வீட்டுக் கூடத்திலேயே வழிபாடு தொடங்கினார். வந்தவர் பன்னிரண்டு பேர். அதுதான் மெட்ரோபாலிட்டன் சமூகச் சபை என்று வளர்ந்தது. 1973 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலிருந்த அதன் தலைமை ஆலயம் தீயில் அழிந்தது. அதே ஆண்டு ஜூன் 24 அன்று நியூ ஆர்லியன்சில் மாடிமேல் இருந்த மதுக்கூடமொன்றில் தீ வைக்கப்பட்டது. 32 உயிர்கள்! ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே கூடியிருந்தவர்களில் அந்தச் சபையினர் பலர். அவர்களுடைய போதகரும் சன்னல் கம்பிகளுக்கிடையே சிக்கிக் கருகினார். இறந்தோருக்காக மணி அடிக்க நகரத்து ஆலயங்கள் தயங்கின. எபிஸ்கோப்பல் பாதிரியார் வில்லியம் ரிச்சர்ட்சன் தம் ஆலயக் கதவைத் திறந்து பிரார்த்தனைக் கூட்டம் நடத்தினார். அதற்காகத் தம் ஆயரிடமே கண்டனம் பெற்றார். செத்தவனுக்காகக் கண்ணீர் விடவும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, தோழர்களே! உயிரோடிருப்பவனுக்கு வேலையில் பாதுகாப்புக் கேட்பது எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும் என்பதை இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரிய காரியத்துக்கு முதல் பேரிடி 1977 இல் விழுந்தது. புளோரிடாவின் டேடு மாவட்டம், வேலையிலும் குடியிருப்பிலும் பாகுபாடு கூடாது என்று ஜனவரியில் ஒரு சட்டம் செய்தது. எதிர்த்துக் கிளம்பினார் அனிதா பிரயண்ட். பாடகி, ஆரஞ்சுச் சாறு விளம்பரத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம், பாப்டிஸ்டு சபைக்காரர். ‘நம் குழந்தைகளைக் காப்போம்’ என்று இயக்கத்துக்குப் பெயர் சூட்டினார். பெயரைக் கவனியுங்கள். வேலையைக் காப்பதற்காக வந்த சட்டத்தை, குழந்தையைத் தூக்கிப் போகும் பூச்சாண்டியாக மாற்றிய சாமர்த்தியத்தைக் கவனியுங்கள்! ஜூன் 7 அன்று நடந்த வாக்கெடுப்பில் இரண்டுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட வேற்றுமையில் அந்தச் சட்டம் தூக்கி எறியப்பட்டது. அடுத்த ஆண்டு செயின்ட்பால், விச்சிடா, யூஜீன் என்று நகரம் நகரமாகச் சட்டங்கள் சரிந்தன. அந்த ஆண்டு நவம்பரில் சியாட்டிலும் கலிபோர்னியாவும்தான் அலையைத் தடுத்து நிறுத்தின. கலிபோர்னியாவில், பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து இவர்களை நீக்கக் கேட்ட யோசனையை எதிர்த்தவர்களில் ரொனால்டு ரீகனும் ஒருவர் என்றால் இன்று நம்புவது கடினம்.

இந்த நேரத்தில்தான் விஸ்கான்சின் மாநிலம் வருகிறது. பால் பண்ணைகளின் நாடு. ஜெர்மானியக் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் நிறைந்த நாடு. அங்கே இந்த மசோதாவின் கதை நீண்டது. மில்வாக்கி நகரத்துக் கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினரும், பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்து வழக்காடியவருமான லாயிட் பார்பி, 1970 களின் தொடக்கத்திலேயே இத்தகைய யோசனையைக் கொண்டுவந்தவர். நிறத்தால் ஒதுக்கப்பட்டவனுக்கே மற்றவன் ஒதுக்கப்படுவது உறைக்கிறது! அவருக்குப் பின் அதைத் தோளில் சுமந்தவர் டேவிட் கிளாரன்பாக். 21 வயதில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த மாடிசன் நகரத்து இளைஞர். தோற்றார், மீண்டும் கொண்டுவந்தார், மீண்டும் தோற்றார்.

தோல்வியிலிருந்து ஒரு பாடம் கற்றார்கள். டேடு மாவட்டத்தில் பைபிளை எதிரியின் கையில் விட்டுவிட்டோம், இங்கே அதை விடக்கூடாது என்பதே அந்தப் பாடம். மில்வாக்கியைச் சேர்ந்த ஓர் இளைஞர், சட்டமன்ற உறுப்பினர்களின் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன், போதகர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார். லுத்தரன், மெதடிஸ்டு, எபிஸ்கோப்பல், பிரெஸ்பிட்டேரியன், பாப்டிஸ்டுகளிலும் சிலர் என்று கடிதம் வாங்கினார். ‘நீங்கள் இவர்களுடைய வாழ்க்கையைப் புகழ வேண்டாம். ஆசீர்வதிக்கவும் வேண்டாம். வேலையும் வீடும் பறிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்’ என்ற வேண்டுகோளின் சாரத்தில் இருக்கிறது தந்திரம். தந்திரம் என்று சொன்னது குறைவாக அல்ல. அரசியலில் நல்ல தந்திரமும் உண்டு.

கடிதங்களில் கனமானது மில்வாக்கிக் கத்தோலிக்கப் பேராயர் ரெம்பர்ட் வீக்லண்டிடமிருந்து வந்தது. தம் மறைமாவட்ட இதழில் ஏற்கெனவே இம்மக்களைப் பரிவோடு அணுக வேண்டும் என்று எழுதியவர் அவர். மசோதாவுக்கு ஆதரவாக எழுத்திலேயே நின்றார். கத்தோலிக்க வாக்காளரை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்த உறுப்பினர்களுக்கு அந்தக் கடிதம் குடையாயிற்று. குறுகிய வேற்றுமையில் கீழவை தேறியது, மேலவையும் தேறியது. எதிர்ப்பாளர் சும்மா இருக்கவில்லை, ஆளுநரிடம் முறையிட்டார்கள். கையெழுத்திடாதே என்றார்கள்.

ஆளுநர் யார்? லீ டிரைபஸ். குடியரசுக் கட்சிக்காரர். சிவப்பு அரைச்சட்டையே அடையாளமாகக் கொண்டு திரிந்த பழைய பேராசிரியர். 1982 பிப்ரவரி 25 அன்று அவர் பேனாவை எடுத்தார், கையெழுத்திட்டார். அமெரிக்காவில் ஒரு மாநிலம் முழுமைக்குமாக, வேலை, குடியிருப்பு, பொது இடம் மூன்றிலும் பாலீர்ப்பைக் காரணம் காட்டிப் பாகுபடுத்தக் கூடாது என்ற முதல் சட்டம் பிறந்தது. ஏன் கையெழுத்திட்டேன் என்று அவர் கூறிய காரணங்களில், பல சமயத் தலைவர்கள் ஆதரித்திருக்கிறார்கள் என்பது ஒன்று. தனி மனிதன் யாரோடு வாழ்கிறான், யாரை நேசிக்கிறான் என்பதில் அரசாங்கம் மூக்கை நுழைக்காதிருப்பது தம் கட்சியின் அடிப்படைக் கொள்கை என்பது மற்றொன்று. அந்தக் கட்சி அந்தக் கொள்கையைப் பிற்பாடு எங்கே தொலைத்தது என்று தேடிப் பார்க்க இந்தப் பத்தியில் இடமில்லை. இரண்டாவது மாநிலம் மாசசூசெட்ஸ். அது வந்தது 1989 இல். ஏழு ஆண்டுகள் தனியாக நின்றது விஸ்கான்சின்! திருநர் என்ற சொல் மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை. அன்று கேட்கத் துணியவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது என்பார்கள். இருக்கலாம். விடுபட்டவர்களுக்கு அது ஆறுதலாகுமா?

பேராயரைப் புகழ்ந்துவிட்டு அவருடைய பிற்காலத்தை மறைப்பது எனக்கு வழக்கமில்லை. முன்னர் தம்மோடு தொடர்பிலிருந்த ஒருவர் குற்றம் சாட்ட, அதைத் தீர்க்க மறைமாவட்டப் பணத்திலிருந்து 4,50,000 டாலர் கொடுத்த செய்தி 2002 இல் வெளிவந்து, அவர் பதவி விலகினார். சிறுவர்களிடம் தகாது நடந்த குருமாரைச் சரியாகத் தண்டிக்கவில்லை என்ற குற்றமும் அவர்மேல் நின்றது. பின்னர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் தாமும் ஒருபாலீர்ப்பாளரே என்று ஒப்புக்கொண்டார். 2022 இல் மறைந்தார். எதிரிகள் இதைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘பார், அதனால்தான் ஆதரித்தார்’ என்கிறார்கள். இருக்கட்டுமே! மறைத்த குற்றம் அவருடையது. அதற்கு அவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படாமல் தப்பிய தொழிலாளி அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரோமாபுரி என்ன சொன்னது? இரண்டு சொன்னது. 1992 இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல், இவர்கள்மீது அநியாயமான பாகுபாடு எதுவும் கூடாது என்றது. அதே 1992 இல் வத்திக்கான் கோட்பாட்டுப் பேராயம் அமெரிக்க ஆயர்களுக்கு அனுப்பிய குறிப்பு, பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதிலும், ஆசிரியர் வேலையிலும், விளையாட்டுப் பயிற்சியாளர் வேலையிலும், இராணுவத்திலும் இவர்களுடைய இயல்பைக் கணக்கில் எடுத்தால் அது அநியாயம் ஆகாது என்றது. ‘அநியாயமான’ என்ற ஒரு அடைமொழி எத்தனை பெரிய வாசலாகிவிட்டது, பார்த்தீர்களா? யானையே நுழையலாம்.

இன்னொரு வகை ஆதரவும் உண்டு. அளந்து ஊற்றும் ஆதரவு. உடா மாநிலத்தில் மார்மன் சபை வைத்ததே சட்டம் என்று சொல்லத்தக்க செல்வாக்கு. 2008 இல் கலிபோர்னியாவில் ஒரே பாலினத் திருமணத்தைத் தடுக்கப் பாடுபட்ட அதே சபை, 2009 நவம்பரில் சால்ட்லேக் நகரமன்றத்தின்முன் வந்து, வேலையிலும் குடியிருப்பிலும் பாகுபாடு கூடாது என்ற சட்டத்தை ஆதரித்தது. 2015 மார்ச்சில் மாநிலம் முழுமைக்கும் அப்படி ஒரு சட்டம் வந்தது. அதில் திருநர்களும் அடக்கம். விஸ்கான்சின் விட்டதை உடா பிடித்தது! ஆனால் விலை உண்டு. சமய நிறுவனங்களுக்குத் தாராளமான விலக்கு. கடை, உணவுவிடுதி போன்ற பொது இடங்களைப் பற்றி அந்தச் சட்டம் வாயே திறக்கவில்லை. வீடு கிடைக்கும், வேலை கிடைக்கும், விருந்துக் கடையில் இடம் கிடைப்பது கடைக்காரர் மனம்போல! இதை ஏற்கலாமா, வீசி எறியலாமா? அந்த மாநிலத்தில் வாடகை வீட்டில் இருந்திருந்தால் நான் ஏற்றிருப்பேன். ஏற்றுக்கொண்டு மறுநாளே மீதியைக் கேட்டிருப்பேன்.

மத விலக்கு என்பது அற்பச் சங்கதி அல்ல. ஆலயத்துக்குள் யாரைப் போதகராக வைப்பது என்பதில் அரசாங்கம் தலையிடக் கூடாது. அதை நானும் ஒப்புகிறேன். ஆனால் ஆலயம் நடத்தும் மருத்துவமனையில் கூட்டித் துடைப்பவர்? ஆலயம் நடத்தும் விடுதியில் சமைப்பவர்? அரசுப் பணம் வாங்கி நடத்தும் அனாதைப் பிள்ளைகள் நிலையம்? 2021 ஜூனில் பிலடெல்பியா நகரத்து வழக்கொன்றில், ஒரே பாலின இணையர்க்கு வளர்ப்புப் பிள்ளை ஒப்படைக்க மறுத்த கத்தோலிக்க நிறுவனத்தின் பக்கம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் நின்றார்கள். இந்த இடத்தில் கிறிஸ்தவர்களே இரண்டாகிறார்கள். எங்களுக்கு இவ்வளவு விலக்கு வேண்டாம், சேவைக்கு வந்தவன் வாசலில் ஆள் பார்க்கக் கூடாது என்று சொல்லும் சபைகளும் இருக்கின்றன. எபிஸ்கோப்பல் திருச்சபையும் ஐக்கிய கிறிஸ்து சபையும், நாடு முழுமைக்கும் பொருந்தும் ‘சமத்துவச் சட்டம்’ வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டவை. 1974 இல் பெல்லா அப்சுக் அம்மையார் முதன்முதலாக ஒரு வடிவத்தில் கொண்டுவந்த கோரிக்கை அது. 2019 இல் கீழவையில் 236 க்கு 173 என்ற வாக்கில் தேறியது. 2021 இல் 224 க்கு 206 என்று மறுபடியும் தேறியது. நாள், விந்தையாக, பிப்ரவரி 25! டிரைபஸ் கையெழுத்திட்ட அதே தேதி! இரண்டு தடவையும் மேலவையில் போய் உட்கார்ந்தது, எழவில்லை.

இதற்கிடையே 2020 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் 6 க்கு 3 என்ற கணக்கில், 1964 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமே வேலையில் இவர்களைக் காக்கிறது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குகளில் ஒன்று எய்மி ஸ்டீபன்ஸ் என்ற திருநங்கையினுடையது. மிச்சிகனில் சவ அடக்க நிலையமொன்றில் பணிபுரிந்தவர். இனிப் பெண்ணாகவே வேலைக்கு வருவேன் என்று கடிதம் கொடுத்தார், வேலை போயிற்று. முதலாளி சொன்ன காரணத்தில் அவருடைய கிறிஸ்தவ நம்பிக்கையும் இருந்தது. கிறிஸ்துவின் பெயரால் வேலை நீக்கம்! அதே கிறிஸ்துவின் பெயரால், ஸ்டீபன்சுக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் மனு கொடுத்தவர்களில் சபைகளும் போதகர்களும் உண்டு. வென்றார் ஸ்டீபன்ஸ். வென்ற செய்தியைக் கேட்க அவர் இல்லை. தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு, மே 12 அன்று இறந்துவிட்டார்.

மெதடிஸ்டுகளை 1972 இல், அந்த இரண்டு பாதிப் பத்தியோடு விட்டுவிட்டு வந்தோம் அல்லவா? ஒவ்வொரு மாநாட்டிலும் அதைப் பற்றிச் சண்டை. 2019 இல் தடை இன்னும் இறுகியது. அதற்குப்பின் விலகிச் செல்ல வழி திறந்ததும், 2023 முடிவதற்குள் அமெரிக்காவில் சுமார் 7,600 ஆலயங்கள், ஏறத்தாழ நான்கில் ஒன்று, வெளியேறிவிட்டன. ‘தடை தளரப் போகிறது, எங்களுக்கு வேண்டாம்’ என்று போனவர்கள்தான் பெரும்பாலோர். எஞ்சியவர்கள் 2024 இல் சார்லட் நகரத்தில் கூடினார்கள். மே முதல் நாள், இவர்கள் போதகராகக் கூடாது என்ற தடையை 692 க்கு 51 என்று நீக்கினார்கள். விவாதம்கூட இல்லை. மறுநாள் 523 க்கு 161 என்ற வாக்கில், அந்தப் பிற்பாதி வரி போயிற்று. 52 ஆண்டுகளாக அந்த வரியின்கீழ் வேலை இழந்த போதகர்களில் பலர் அதற்குள் கல்லறை சேர்ந்துவிட்டார்கள். உயிரோடிருந்தவர்களில் சிலர் அன்று மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். வாக்கு எண்ணிக்கை திரையில் வந்ததும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.